கண்டிச் சரிவில் வீடு கட்டுவோருக்கு: பிளான் கட்டைக் கலையாமல் வைக்கச் சில குறிப்புகள்

அம்பிட்டிய, ஹந்தானை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை என்று எந்தப் பக்கம் காணி வாங்கினாலும் கண்டியில் பெரும்பாலும் சரிவுதான். சரிவில் வீடு கட்டினால் தாள் கூடும். கீழ்த்தளம், வீதி மட்டத்தளம், மேல்தளம், தடுப்புச் சுவர், மழைநீர் வடிகால், வெட்டுமுகம், கம்பி விபரம், வயரிங், குழாய் என்று எண்ணிக்கொண்டு போனால் இருபது தாள் சாதாரணமாக வந்துவிடும். ஒரு தாளில் நகர்த்திய சுவரை இன்னொரு தாளில் நகர்த்த மறந்தால், கொங்கிறீட் இறுகிய பிறகே அது கண்ணில் படும். பிளான் வரைவித்து வாங்கும் வீட்டுக்காரருக்கும், வீட்டிலிருந்தே மடிகணினியில் வரைந்து கொடுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் குறிப்புகள் இவை. கணினிப் பக்கம் போகாதவர்கள் 3 முதல் 6 வரை தாண்டிப் படிக்கலாம். ஆனால் வரைபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி அங்கேதான் இருக்கின்றன. கீழே அடிக்கடி வரும் லேயர் என்பது, கணினி வரைபடத்தில் தனியாகக் காட்டவும் மறைக்கவும் கூடிய ஓர் அடுக்கு.

1. முதல் கோடு போடுமுன் தாள் பட்டியலை எழுதிவிடுங்கள். கட்டட அமைப்புக்கு ஏ, கம்பி, தூண், பீமுக்கு எஸ், மின்சாரத்துக்கு இ, குழாய்க்குப் பி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எழுத்து. அதற்குப் பின்னால் 1, 2, 3 என்று வரிசையாகப் போடாமல் நூறு நூறாகப் பிரிப்பது நல்லது: தளப்படங்கள் 101இலிருந்து, முகப்புகள் 201இலிருந்து, வெட்டுமுகங்கள் 301இலிருந்து, நுணுக்கப் படங்கள் 501இலிருந்து. அமெரிக்கக் கட்டட வரைபடத் தரநிலையில் உள்ள ஒழுங்கு இது, நம்மூருக்கும் பொருந்தும். நடுவில் ஒரு தாள் சேர்க்க வேண்டி வந்தால் மற்றத் தாள்களின் இலக்கத்தைத் தொட வேண்டியதில்லை. இந்தப் பட்டியலே கட்டின் முதல் தாளாக இருக்கட்டும்.

2. எல்லாத் தாளிலும் வருவதை ஒரே இடத்தில் ஒரே தடவை எழுதுங்கள். உரிமையாளர் பெயர், காணித் துண்டு இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கமும் திகதியும், வரைந்தவர், சரிபார்த்தவர், தாள் இலக்கம், திருத்த எழுத்து எல்லாம் தாளின் வலது கீழ் மூலைக் கட்டத்தில் இருக்க வேண்டும். தாளை ஏ4 அளவுக்கு மடித்துக் கோப்பில் போட்டாலும் அந்தக் கட்டம் மேலே தெரியும்படி மடியுங்கள். இடப்பக்கம் 20 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் துளை போடும்போது கோடுகள் வெட்டுப்படாது. ஒழுங்கின் பாதி இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. இருபது தாளிலும் இதைத் தனித்தனியாகத் தட்டச்சு செய்தால் ஏதோ ஒன்றில் பழைய துண்டு இலக்கம் நின்றுவிடும். பிளானை அனுமதிக்கும் சபை அலுவலகத்தில் அந்த ஒரு தாள் போதும், கட்டு முழுக்கத் திரும்பிவர.

3. ஸ்கெட்ச்அப் என்ற வரையும் மென்பொருளோடு வரும் லேஅவுட்டில் வரைபவர்கள் கவனிக்க: அதில் ஒரு லேயரை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக்கலாம், அந்தந்தப் பக்கத்துக்கு மட்டும் என்றும் விடலாம். மூலைக் கட்டமும் தாளின் ஓரக் கோடும் பொது லேயரில் போய், அந்த லேயர் பூட்டப்பட வேண்டும். பக்கத்தின் பெயரையும் இலக்கத்தையும் தானியங்கி எழுத்தாகப் போட்டால் பக்கத்தை இடம் மாற்றும்போது இலக்கமும் கூடவே மாறும். அளவுகளும் குறிப்புகளும் பொதுவாக்காத ஒரு லேயரில். மாதிரி வடிவத்தைக் காட்டும் சட்டகம் அதற்குக் கீழே பொதுவாக்காத இன்னொரு லேயரில். பட்டியலில் மேலே உள்ள லேயர்தான் தாளிலும் மேலே நிற்கும் என்பதால் இந்த வரிசை முக்கியம். சமையலறையின் அளவு திடீரென்று மலக்குழிப் படத்திலும் தெரிகிறதா? பயப்பட வேண்டாம், அதைப் பொது லேயரில் எழுதிவிட்டீர்கள். சரியான லேயருக்கு மாற்றினால் போய்விடும்.

4. ஸ்கெட்ச்அப்பில் 2020 வரை லேயர் என்றிருந்தது இப்போது டேக். கோடுகளையும் பரப்புகளையும் டேக் எதுவும் இல்லாமலே வரையுங்கள். அவற்றைக் குழுவாகக் கட்டிய பிறகு குழுவுக்கு மட்டும் டேக் கொடுங்கள். சுவரின் ஒரு கோடு ஒரு டேக்கிலும் மறுகோடு இன்னொன்றிலும் கிடந்தால், ஒன்றை அணைக்கும்போது பாதிச் சுவர் மறையும். மற்றதை இழுத்தால் மறைந்திருப்பதும் சேர்ந்து கோணும்.

5. ஓட்டோகாட் என்ற மென்பொருளில் வரைபவர்கள் 0 என்ற லேயரை வெறுமையாக வையுங்கள். கதவு, ஜன்னல், கழிப்பறைச் சாமான் போன்ற பிளொக்குகளின் உள்ளே இருப்பதை மட்டும் 0இல் வரைந்தால், பிளொக்கை எந்த லேயரில் வைக்கிறீர்களோ அந்த லேயரின் நிறத்தையும் தடிப்பையும் அது எடுத்துக்கொள்ளும். டெஃப்பொயின்ட்ஸ் என்று தானாக உருவாகும் லேயரில் எதையும் வரைய வேண்டாம். திரையில் தெரியும், தாளில் அச்சாகாது. பிளான் அச்சடித்த பிறகு படிக்கட்டைக் காணோம் என்று தேடுபவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

6. இந்தக் குறிப்பை மட்டும் கடைப்பிடித்தாலும் பாதித் தலைவலி தீரும். வயரிங் தாளுக்காகத் தளப்படத்தைக் கொப்பி எடுக்காதீர்கள். கொப்பி எடுத்த அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றில் சுவர் நகரும், மற்றதில் நகராது. சுவர், தூண், கதவு, ஜன்னல் ஒரே இடத்தில் ஒரே தடவை வரையப்பட வேண்டும். ஓட்டோகாட்டில் ஒவ்வொரு தாளிலும் ஒரு சட்டகம் திறந்து, அந்தச் சட்டகத்துக்கு வேண்டாத லேயரை மட்டும் உறைய வைக்கலாம். வயரிங் தாளில் தளபாடமும் ஓட்டு விபரமும் உறைந்திருக்கும். சுவர்கள் மெல்லிய சாம்பல் நிறத்தில் தெரியும். விளக்கும் சுவிட்சும் கறுப்பில் எடுப்பாக நிற்கும். குழாய்த் தாளிலும் அதே சுவர்தான், விளக்குகள் மட்டும் உறைந்திருக்கும். சட்டகத்தின் அளவுத்திட்டத்தைச் சரிசெய்த கையோடு பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சுட்டியின் சக்கரம் உருண்டாலே 1:100 கெட்டுவிடும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரைபவரிடம், “தம்பி, இந்தச் சுவரை ஆறு அங்குலம் தள்ளினா எத்தனை இடத்துல மாத்தணும்?” என்று கேளுங்கள். “ஒரே இடத்துலதான்” என்று பதில் வந்தால் நல்ல கையில் வேலை கொடுத்திருக்கிறீர்கள்.

7. லேயருக்குப் பெயர் வைக்கும்போது அதை யார் பார்த்து வேலை செய்வார் என்று யோசியுங்கள். செங்கல் வைக்கும் பாஸ், கம்பி கட்டுபவர், தச்சர், எலக்ட்ரீசியன், குழாய்க்காரர். இவர்களில் ஒருவருக்கு மட்டும் வேண்டியது தனி லேயர். எல்லோருக்கும் வேண்டியது இன்னொரு லேயர். லேயர் பெயர்களுக்கென்று ஐஎஸ்ஓ 13567 என்ற உலகத் தரநிலையே உண்டு. ஆனால் பத்துப் பேர்ச் காணியில் கட்டும் வீட்டுக்கு அந்த நீளப் பெயர்கள் தேவையில்லை. பதினைந்து, இருபது லேயர் தாராளம். “புதுசு1”, “வேற”, “தற்காலிகம்” என்று பெயர் வைப்பவர்கள் ஆறு மாதம் கழித்துத் தாங்களே திறந்து பார்த்துத் தவிப்பார்கள்.

8. நில அளவையாளர் தந்த படத்தை உங்கள் கோப்புக்குள் ஒட்டித் திருத்தாதீர்கள். வெளிக்கோப்பாக இணைத்து, அதற்கென ஒரு லேயர் கொடுத்துப் பூட்டி வையுங்கள். அவர் எல்லையைத் திருத்தி அனுப்பினால் கோப்பை மாற்றினால் போதும். அலகையும் பாருங்கள். நில அளவை மீற்றரில் இருக்கும், வீடு மில்லிமீற்றரில் வரையப்பட்டிருக்கும். ஆயிரம் மடங்கு பெருக்காமல் இணைத்தால் காணி முழுவதும் ஒரு கதவுப்படிக்குள் அடங்கிவிடும். இணைத்ததும் எல்லையின் ஒரு பக்கத்தை அளந்து உறுதியோடு ஒப்பிடுங்கள். பழைய உறுதிகளோடு வரும் படங்களில் சங்கிலிக் கணக்கும் இருக்கக்கூடும்: ஒரு சங்கிலி 66 அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, அதாவது 25.29 சதுர மீற்றர். 40 பேர்ச் ஒரு ரூட், நான்கு ரூட் ஓர் ஏக்கர்.

9. சரிவுக் காணியில் தளப்படத்தைவிட வெட்டுமுகம் முக்கியம். கண்டியில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1940களின் இறுதியில் கட்டத் தொடங்கிய கருணாரத்ன வீடு அவருடைய முதற் கட்டடம். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், வீட்டையே சரிவின் போக்கில் படிப்படியாக இறக்கி அமைத்தார். அப்படியொரு வீட்டைத் தளப்படம் மட்டும் பார்த்துக் கட்ட முடியாது. உங்கள் பிளானில் வீதியிலிருந்து காணியின் பின் எல்லை வரை ஒரு நீள வெட்டுமுகமாவது இருக்க வேண்டும். அதில் இப்போதைய மண் மட்டம் ஒரு லேயரில் விட்டுவிட்டுப் போகும் கோடாகவும், வெட்டிய பின் வரும் மட்டம் இன்னொரு லேயரில் தொடர் கோடாகவும் இருக்கட்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் நீங்கள் அள்ள வேண்டிய மண். டிப்பர் கூலியை முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். எல்லா உயரமும் ஒரே சுழியத்திலிருந்து எண்ணப்பட வேண்டும். வீதியோரத்தில் அசையாத ஒன்றை, மதகின் மேல்விளிம்பு போல, சுழியமாக வைத்து எல்லாத் தாளிலும் எழுதுங்கள். கட்டட அமைப்புத் தாள் வீதியைச் சுழியமாகவும் கம்பித் தாள் கீழ்த்தளத்தைச் சுழியமாகவும் வைத்தால், பாஸ் எந்தத் தாளை முதலில் விரிக்கிறாரோ அந்த உயரத்தில்தான் வீடு எழும்.

10. பழைய வீட்டோடு அறை சேர்ப்பவர்கள் மூன்று லேயர்க் குடும்பங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: இருப்பது, இடிப்பது, புதிது. கண்டி நகரம் 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. தலதா வீதி, யட்டிநுவர வீதி போன்ற பழைய வீதிகளில் மரபுரிமை மதிப்புள்ள கட்டடத்தைத் தொடுபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். முகப்பில் எது நிற்கப்போகிறது, எது போகப்போகிறது என்பது படத்தைப் பார்த்தவுடனே தெரியாவிட்டால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். எந்த வகைக்கு எந்த நிறம் என்பதைச் சபையில் விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. நம் பக்கத்து வேலைத்தளங்களில் பாஸ் சிங்களம் வாசிப்பார், எலக்ட்ரீசியன் தமிழ் வாசிப்பார், பொறியியலாளர் ஆங்கிலத்தில் எழுதித் தருவார். மூன்றையும் ஒரே தாளில் நெருக்கினால் யாருக்கும் விளங்காது. குறிப்புகளை மொழிக்கு ஒரு லேயராக வையுங்கள். படம் ஒன்றுதான், வேண்டிய மொழியை ஏற்றி மற்றதை அணைத்து அச்சடியுங்கள். அளவுகளும் இலக்கங்களும் பொதுவான லேயரில் இருக்கட்டும், அவற்றை ஒருபோதும் மொழிபெயர்க்கும் லேயருக்குள் எழுத வேண்டாம். ஓட்டோகாட்டின் பழைய எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் தமிழோ சிங்களமோ கிடையாது. நிர்மலா யுஐயில் இரண்டும் உண்டு. அச்சுக்கு அனுப்புமுன் கொம்பும் கால் எழுத்தும் இடம் மாறாமல் நிற்கின்றனவா என்று ஒரு தாளில் பார்த்துவிடுங்கள்.

12. டெம்ப்ளேட் என்பது வெறும் தாள்; அதில் வீடு இருக்கக்கூடாது. ஒரு வேலை முடிந்ததும் அந்தக் கோப்பையே திறந்து, பெயரை மாற்றி அடுத்த வீட்டை வரையும் பழக்கம் பலருக்கு உண்டு. கட்டுகஸ்தோட்டைக்காரர் வீட்டின் காற்றுத் திசை அப்படியே கம்பளைக்காரர் வீட்டுக்குப் போய்விடும். மூலைக் கட்டம், லேயர்கள், கோட்டுத் தடிப்பு, எழுத்தின் அளவு, வெறுமையான தாள் பட்டியல் மட்டும் கொண்ட கோப்பை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். ஓட்டோகாட்டில் டிடபிள்யூடி வகை, லேஅவுட்டில் டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும் கட்டளை. வீட்டு மாதிரியையும் திரும்பப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆளைப் பார்த்து மாற்றினால். 1950களில் கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தபோது மினெட் டி சில்வா, குடியேறப்போகும் அரச ஊழியர்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்தார். குடும்பம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று அவர்களையே கேட்டு, சில அடிப்படை மாதிரிகளை வகுத்து, ஆளுக்கேற்ப மாற்றினார். கணினியில்லாத காலத்தில் நடந்த அந்தக் கேள்விகேட்கும் வேலையை இன்று மென்பொருளும் செய்து தராது. சாமியறை எந்தப் பக்கம், விறகடுப்பு வேண்டுமா, வயதான அம்மா எந்தத் தளத்தில் தூங்குவார் என்று ஒரு பக்கக் கேள்வித்தாளை டெம்ப்ளேட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

13. மஞ்சள் நிறக் கோடு திரையில் அழகு, கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பியில் மாயம். வெட்டுப்படும் சுவருக்கு 0.5 மில்லிமீற்றர், தூரத்தில் தெரியும் விளிம்புக்கு 0.25, அளவுக்கோட்டுக்கு 0.18 என்று தடிப்பால் வேறுபடுத்துங்கள். அச்சுக் கடைக்கு வரைபடக் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் கொடுங்கள். கடைக்காரரின் கணினியில் உங்கள் தடிப்பு அமைப்பு இருக்காது.

14. ஏ1 தாளை ஏ3இல் சுருக்கி எடுத்தால் 1:100 என்பது 1:200 ஆகிவிடும். தாளின் மூலையில் மட்டும் பழைய 1:100 நின்றுகொண்டிருக்கும். பாஸ் ஸ்கேல் வைத்து அளந்தால் பத்தடி அறை ஐந்தடியாகும். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அளவுக்கோல் பட்டை ஒன்று வரைந்துவிடுங்கள்; படம் சுருங்கினால் பட்டையும் சேர்ந்து சுருங்கும். “ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், எழுதிய அளவையே எடுக்கவும்” என்ற வரியும் பொதுக் கட்டத்தில் இருக்கட்டும்.

15. திருத்தத்துக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்து, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். மாறிய இடத்தைச் சுற்றி மேகக் கோடு. அதற்குத் தனி லேயர், அடுத்த திருத்தம் வந்ததும் பழையதை அணைக்க வசதி. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதி போட்டால் கணினி தானே காலவரிசையில் அடுக்கும். “கடைசி”, “கடைசி2”, “இதுதான் கடைசி” வேண்டாம். வேலைத்தளத்தில் புதுத் தாளைக் கொடுக்கும்போது பழையதைக் கையோடு வாங்கிக் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். சீமெந்துப் பையின் மேல் கிடக்கும் பழைய தாளைப்போல ஆபத்தானது வேறில்லை.

16. பிடிஎஃப்பிலும் லேயர் வைக்கலாம். ஆனால் கைபேசியில் திறப்பவருக்கு அதை ஏற்றி இறக்கும் வசதி பெரும்பாலும் கிடைக்காது. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தந்த வேலைக்காரருக்கு உரிய தாள்களை மட்டும் தனிப் பிடிஎஃப்பாக்கி அனுப்புங்கள். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் எழுத்து மங்காது.

17. அனுமதிக் கட்டு வேறு, வேலைக் கட்டு வேறு. மாநகர சபையோ பிரதேச சபையோ முத்திரை குத்தித் தந்த தாள்களும், மண்சரிவு அபாயமுள்ள மலைக் காணிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தந்த பரிந்துரை அறிக்கையும் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். வேலைத்தளத்துக்குப் பிரதி போகட்டும். அந்த அறிக்கையில் வடிகால், தடுப்புச் சுவர், வெட்டும் உயரம் பற்றி நிபந்தனை இருந்தால் அதை அறிக்கைக்குள் தூங்கவிடாமல், தளத்திட்டத் தாளிலேயே தனி லேயரில் குறிப்பாக ஏற்றுங்கள். மண் வெட்டும் இயந்திரக்காரர் அறிக்கை படிக்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார். கட்டும்போது செய்யும் மாற்றங்களை முத்திரைத் தாளில் பேனாவால் எழுத வேண்டாம். அனுமதித்த பிளானுக்கும் கட்டிய வீட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் இணக்கச் சான்றிதழ் எடுக்கும்போது சிக்கல் வரும் என்பதால், சுவரை மாற்றுமுன் சபையைக் கேளுங்கள்.

18. சிலேப் போடுமுன் மின்குழாய்களையும், பூசுமுன் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்களையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து, படத்தின் பெயரில் தாள் இலக்கத்தைப் போட்டு வையுங்கள். நேரம் கிடைக்கும்போது “கட்டியபடி” என்ற லேயரில் அவற்றை வரையலாம். சுவரில் ஆணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் உதவும்.

19. கண்டியின் ஈரத்துக்குத் தாள் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். வேலைத்தளப் பிரதிக்குப் பிளாஸ்டிக் உறை போடலாம், லமினேட் செய்யலாம். முத்திரைத் தாளை லமினேட் செய்ய வேண்டாம், பிறகு அதில் இன்னொரு முத்திரையோ கையெழுத்தோ ஏறாது. அப்பா காலத்து நீலநிற அமோனியாப் பிரதிகள் இருந்தால், அவை வெளிச்சத்தில் மங்கிக்கொண்டே போகும் வகை. உடனே ஸ்கேன் எடுத்து இருட்டில் வையுங்கள்.

20. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகினால் கடைக்குள் தண்ணீர் வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தன. உறுதி, நில அளவைப் படம், முத்திரையிட்ட பிளான், ஆராய்ச்சி நிறுவன அறிக்கை ஆகிய நான்கின் ஸ்கேன் பிரதியும் மின்னஞ்சலில் ஒன்று, கண்டிக்கு வெளியே இருக்கும் உறவினரிடம் பென் டிரைவில் ஒன்று என்று இருக்கட்டும். வரைந்தவரிடமிருந்து பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு நிற்காமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் அதோடு இணைந்த வெளிக்கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதியாகக் கேளுங்கள். ஓட்டோகாட்டில் இதற்கு ஈ-டிரான்ஸ்மிட் என்று ஒரு கட்டளையே உண்டு. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் கேட்டால் வேகமாகக் கிடைக்கும்.